எந்தப் பள்ளியில் புரியாமல் படிக்கலாம்?

வருகிற பொங்கலுக்குப் பட்டிமன்றத் தலைப்பு கிடைக்காமல் தொலைக்காட்சிக்காரர்கள் திண்டாடப்போகிறார்களே என்று எனக்கு ஒரே கவலை. கணவனா மனைவியா, மாமியாரா மருமகளா, பழைய பாட்டா புதுப் பாட்டா என்று நாட்டின் தலையாய பிரச்சினைகள் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லி முடித்தாயிற்று. ஆகவே ஒரு புதுத் தலைப்பை இலவசமாகத் தருகிறேன்: ‘காது கேளாத பிள்ளையைச் சேர்க்க வேண்டியது சிறப்புப் பள்ளியிலா, எல்லாரும் படிக்கும் பள்ளியிலா?’

இதைவிடப் பாதுகாப்பான தலைப்பு கிடையாது. இரண்டு அணியிலும் பேசப்போகிறவர்களுக்குக் காது கேட்கும். நடுவருக்குக் கேட்கும். கைதட்டப்போகிற கூட்டத்துக்கும் கேட்கும். யாரைப் பற்றிப் பேச்சோ, அவருக்கு மட்டும் கேட்காது. மறுத்துப் பேச ஆளே வராத விவாதம் எவ்வளவு சுமுகமாக நடக்கும் பாருங்கள். நம் கல்வித்துறையில் இத்தனை வருடமாக இது அப்படித்தான் நடக்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் விளக்குப் போட்டு மேடை கட்டினால் போதும்.

ஏற்பாடுகளையும் நானே யோசித்துவைத்திருக்கிறேன். முன்வரிசையில் ஒரு தம்பதி, நடுவில் ஆறு வயதுப் பையன், காதில் மெஷின். அவன் முகத்தை அவ்வப்போது பெரிதாகக் காட்டி, பின்னணியில் வயலின் இழுக்க வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளரைத் திரையின் கீழ் மூலையில் வட்டம் போட்டு நிறுத்தலாமே என்று யாராவது விவரம் தெரியாமல் கேட்டால், அந்த மூலை ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் போய்விட்டது என்று சொல்லிவிடலாம்.

நடுவர் திருக்குறளில் தொடங்குவார். ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் இருக்கும்போது வேறு எங்கே தொடங்குவார்? செவிச் செல்வத்தின் பெருமையைப் பத்து நிமிடம் அளந்துவிட்டு, அதிகாரிகளை ஒரு இடி இடிப்பார்: “நாம கத்துறதெல்லாம் செவிடன் காதுல ஊதின சங்குங்க!” அரங்கம் அதிரும். எல்லாரும் தட்டுவதைப் பார்த்துப் பையனும் தட்டுவான். கேமராக்காரர் அதைத் தவறவிடக் கூடாது.

முதலில் பொதுப் பள்ளி அணி. தலைவர் ஒரு மெட்ரிக் பள்ளித் தாளாளர். “பிள்ளைகளைப் பிரித்துவைப்பது பாவம், சேர்ந்து படிப்பதே சமத்துவம்” என்று முழங்குவார். மூச்சுக்கு ஒரு தடவை ‘உள்ளடக்கிய கல்வி’ வரும். போன ஜூன் மாதம் அவருடைய அறைக்குச் சேர்க்கை கேட்டுப் போன ஒரு தாயிடம் அவர் பேசிய வசனம் வேறு: “எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லம்மா. மத்த பேரன்ட்ஸ் ஒத்துக்கணும்ல? பையனுக்கும் கஷ்டம். இவங்களுக்குன்னே ஸ்கூல் இருக்கு, அங்க நல்லாப் பாத்துப்பாங்க.” விண்ணப்பப் படிவத்தை மறுத்ததாக எங்கும் பதிவு இருக்காது. டீ கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்.

சேர்த்துக்கொள்கிற பள்ளிகளும் இருக்கின்றன. அவை கண்டுபிடித்திருக்கும் கல்விச் சீர்திருத்தத்தின் பெயர் முதல் பெஞ்ச். காது கேட்கவில்லையா? முதல் பெஞ்சில் உட்காரவை. பாடம் புரியவில்லையா? முதல் பெஞ்சில்தானே உட்காரவைத்திருக்கிறோம்! ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசும்போது அவருடைய முதுகு மிகத் தெளிவாகத் தெரிவது அந்த இடத்திலிருந்துதான். பையன் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறான். காது கேளாத பிள்ளைகளின் நோட்டுகளைப் பார்த்திருக்கிறீர்களா? கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஓரத்தில் கோடு போட்டு, தலைப்பு அடிக்கோடிட்டு. அதில் ஏதாவது ஒரு வரியைத் தொட்டு என்ன அர்த்தம் என்று கேட்டால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் விரும்பும் பதில் உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடும். பள்ளி அந்த நோட்டைத்தான் ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் காட்டுகிறது. அதிகாரியும் ‘வெரி குட்’ போட்டுவிட்டுப் போகிறார்.

“உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்குவாங்க, ரொம்ப ஷார்ப்பு” என்பார் இரண்டாவது பேச்சாளர். வாசகர்கள் கொஞ்சம் கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள். குரல் எழுப்பாமல் ‘அம்மா’ என்று சொல்லுங்கள். அப்புறம் ‘அப்பா’. உதட்டில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா? தெரியாது. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. மூச்சு மூக்கு வழியாகப் போகிறதா இல்லையா என்பதுதான் வேறுபாடு, அது கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரம் இல்லை. பாடும் மாடும் ஒன்று. படமும் மடமும் ஒன்று. பாலையும் மாலையும் ஒன்று. ககரம் அடிநாக்கிலேயே பிறந்து முடிந்துவிடுகிறது, உதட்டுக்கு வருவதே இல்லை. லகர ளகர ழகரத்தைக் காதால் கேட்டே பிரிக்கத் தெரியாத செய்தி வாசிப்பாளர்களை வைத்துக் காலம் தள்ளுகிற ஒரு மாநிலம், காது கேளாத ஆறு வயதுப் பிள்ளை அதை உதட்டில் பார்த்துப் பிரித்துக்கொள்ளட்டும் என்கிறது. தாயையும் தகப்பனையுமே வேறுபடுத்திக் காட்டாத ஒரு வழியில் பின்னமும் ஒளிச்சேர்க்கையும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்புவதற்கு மாதச் சம்பளம் வாங்கினால்தான் முடியும்.

அரசுப் பள்ளியாக இருந்தால் வட்டார வள மையத்திலிருந்து ஒரு சிறப்புப் பயிற்றுநர் வருவார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. இவர் அந்த 21க்கும் பொதுவான ஆள். தொகுப்பூதியம், இரண்டு பஸ் மாறும் பயணம், கக்கத்தில் பதிவேடு. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவரைக் காட்டியே எல்லாம் நடந்துவிட்டதாகக் கணக்கு எழுதுகிறவர்கள் மேல்தான். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை, அவர்களிலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்து, நியமிக்கச் சொல்கிறது. 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் கொண்ட 10 மாணவருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 மாணவருக்கு ஒருவர் என்று 2022இல் மத்திய அரசு விகிதமும் அறிவித்தது. விகிதம் பிரமாதம். அதைச் சட்டம் போட்டு மாட்டினால் வகுப்பறைச் சுவருக்கு அழகாக இருக்கும். 2023இல் அதே உச்ச நீதிமன்றத்தில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் சைகை மொழிபெயர்ப்பாளரோடு ஆஜரானார். நாட்டின் தலைமை நீதிபதி முன்னால் சாத்தியமான ஒன்று, நம்மூர் அஞ்சாம் வகுப்பு ‘பி’ பிரிவில் சாத்தியமில்லையாம்.

சரி, எதிரணி. சிறப்புப் பள்ளிக்காரர்கள் முகத்தில் தியாக ஒளி வீசும். “நூறு வருஷத்துக்கு மேலாக இந்தக் குழந்தைகளை நாங்கள்தான் தாங்குகிறோம்” என்பார்கள். அதில் பொய் இல்லை. அரசாங்கம் எட்டிப் பார்க்காத காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவைன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி தொடங்கிவிட்டார். அந்தப் பெண்மணிக்கு ஒரு கும்பிடு. ஆனால் அதே காலத்தில் உலகத்தை ஆட்டிய இன்னொரு கூத்தையும் சொல்லியாக வேண்டும். நம்முடைய பட்டிமன்றத்துக்கு அதுதான் மூலம்.

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்விக்கென்று ஒரு சர்வதேச மாநாடு கூடியது. தலைப்பு: பேச்சா, சைகையா? வந்திருந்தவர்கள் 164 பேர். அதில் காது கேளாதவர் ஒரே ஒருவர். தீர்ப்பு, 160க்கு 4 என்ற கணக்கில், பேச்சே! சைகை ஒழிக! அதைத் தொடர்ந்து பள்ளிகளிலிருந்து சைகை விரட்டப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள், பிறகென்ன, பேசத் தெரியாதவருக்குப் பேச்சுப் பள்ளியில் என்ன வேலை? மூன்று வருடம் கழித்து, தொலைபேசி தந்த கிரகாம் பெல், காது கேளாதவர்கள் ஒன்றாகப் படித்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டால் மனித குலத்தில் செவிட்டு இனம் ஒன்றே உருவாகிவிடும் என்று அமெரிக்காவில் கட்டுரை வாசித்தார். அவருடைய தாயும் மனைவியும் காது கேளாதவர்கள்! அந்த மிலான் மாநாட்டின் வாரிசான மாநாடு 2010இல் வான்கூவரில் கூடி, மிலான் தீர்மானங்களுக்காக வருத்தம் தெரிவித்தது. 130 வருடம். அதற்குள் ஐந்து தலைமுறைப் பிள்ளைகள் வந்து போய்விட்டார்கள்.

அந்த வருத்தக் கடிதம் தமிழ்நாட்டுக்குச் சாதாரணத் தபாலில் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். இன்னும் எத்தனையோ சிறப்புப் பள்ளிகளில் வகுப்புக்குள் சைகை என்றால் கெட்ட பழக்கம். “கையக் கட்டு, வாயப் பாரு.” காது கேட்கும் பிள்ளையைக் கை கட்டச் சொன்னால் அது ஒழுக்கம். காது கேளாத பிள்ளையைக் கை கட்டச் சொன்னால் அது வாயில் துணி அடைப்பது. இருந்தும் அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் சைகை பேசுகிறார்களே, எங்கே கற்றார்கள்? விடுதியில். ராத்திரி வார்டன் ரவுண்டு முடிந்ததும் பெரிய பிள்ளைகளிடமிருந்து சின்னப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். சாப்பாட்டு வரிசையில், குழாயடியில், துவைக்கிற கல்லில். தமிழ்நாட்டில் காது கேளாதவர்களுக்கு மொழி கொடுத்த ஒரே கல்விக்கூடம் அந்த விடுதி வராந்தாதான். அதற்கு அரசு அங்கீகாரமும் கிடையாது, மானியமும் கிடையாது.

அணித் தலைவி அடுத்து ஃப்ளெக்ஸ் பேனரைக் காட்டுவார்: பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. நானும் வணங்குகிறேன். ஆனால் அப்படித் தேறி வந்த பிள்ளை ஒரு விடுப்புக் கடிதம் எழுதத் தடுமாறுகிறதே, தினசரியில் ஒரு பத்தி வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லையே, அதற்கும் ஒரு பேனர் உண்டா? தேர்வில் ஒரு மொழிப்பாடம் எழுத வேண்டாம் என்று செவித்திறன் குறைந்த மாணவருக்கு அரசு விலக்குக் கொடுத்திருக்கிறது. எவ்வளவு பெரிய மனசு! ஒரு மொழியும் கொடுக்காமல் வளர்த்துவிட்டு, இரண்டில் ஒன்று வேண்டாம் என்று தள்ளுபடி.

பிளஸ் ஒன் போனால் பெரும்பாலும் வணிகவியல் அல்லது தொழிற்கல்வி. இயற்பியல் படிக்கிறேன் என்று காது கேளாத பெண் கேட்டால், “லேபுல எதுக்கும்மா ரிஸ்க்கு?” தையல் சொல்லித்தருவார்கள். காது கேளாதவர்களுக்கும் தையல் மெஷினுக்கும் என்ன பூர்வ ஜென்ம பந்தமோ, நலத்திட்ட விழா மேடையில் இருவரையும் சேர்த்து நிறுத்தாமல் எந்த ஆட்சியும் போட்டோ எடுத்ததில்லை. பட்டம் வேண்டுமென்றால் சென்னை மாநிலக் கல்லூரியில் இவர்களுக்கென்று பி.காம்., பி.சி.ஏ. இருக்கிறது. நல்ல விஷயம். கூடலூரிலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் ராத்திரி பஸ் இருக்கிறது, ஏறி வந்துவிட வேண்டியதுதான்.

இந்த இடத்தில் பட்டிமன்றம் சூடு பிடிக்க, சிறப்பு விருந்தினராக ஒரு மருத்துவர். “இந்தத் தலைப்பே காலாவதி. காக்ளியர் ஆபரேஷன் பண்ணிட்டா எல்லாக் குழந்தையும் நார்மல்!” அடக்கம் கருதி அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். காதுக்குள் வைக்கும் அந்தக் காக்ளியர் நல்ல கருவிதான். சீக்கிரம் கண்டுபிடித்து, சீக்கிரம் வைத்து, வருடக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் பலர் அருமையாகப் பேசுகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது, அதற்காக அரசைப் பாராட்டவும் செய்யலாம். ஆனால் ‘சீக்கிரம்’ என்ற அந்தச் சொல்லை நம் வீடுகளில் யார் விட்டார்கள்? “அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று பாட்டி ஒரு வருடம், கிரகணத்தில் வெளியே வந்த குற்றத்துக்காக மருமகளைத் திட்டி இன்னொரு வருடம், ஜோசியர் ஆறு மாதம். அத்தை மகனைக் கட்டிவைத்த மாமன்கள் மட்டும் விசாரணைக்கு வருவதே இல்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு ஸ்பீச் தெரபி மாவட்டத் தலைநகரில், போனால் அன்றைய கூலி போச்சு. வெளியே மாட்டும் கருவியின் வயர் அறுந்தால் ஆயிரக்கணக்கில், கருவியே பழுதானால் லட்சக்கணக்கில். பேட்டரி தீர்ந்த நிமிடம் பிள்ளைக்கு மறுபடி கேட்காது. அப்போது பேசிக்கொள்ள ஒரு மொழி கையில் இருந்தால் நன்றாக இருக்குமே என்றால், “ஐயோ, சைகை மட்டும் காட்டிடாதீங்க, பேச்சு வராது” என்று ஏற்கெனவே பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் கேட்டால் கோபம் வரும். சைகையிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அதன் மேல் எழுத்தும் பேச்சும் ஏறுகின்றன. மொழியே இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு எதன் மேல் எதை ஏற்றுவது?

பட்டிமன்றத்தை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு நேராகவே கேட்கிறேன். மனிதப் பிள்ளை மொழி பிடிக்கும் வயது பிறந்ததிலிருந்து ஐந்து வரை. அதற்குள் ஏதாவது ஒரு மொழி, வாயாலோ கையாலோ, முழுசாகக் கிடைத்தாக வேண்டும். இது தெரியாத நிபுணர் எவரும் இல்லை. நம் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு என்ன சொல்கிறது? 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை. ஆறு வயதில் கதவைத் திறந்து, “தம்பி, எந்தப் பள்ளி வேண்டும், உன் விருப்பம்!” என்கிறது சட்டம். விருப்பத்தை எந்த மொழியில் சொல்வான் அவன்? பசிக்கிறது, வலிக்கிறது என்பதைத் தாண்டி, நேற்று யார் அடித்தார்கள் என்று வீட்டில் சொல்லத் தெரியாத பிள்ளைகள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். தொட்டவன் யார் என்று சொல்லத் தெரியாத பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாம் பள்ளியின் பெயர்ப்பலகையைப் பற்றி விவாதம் நடத்துகிறோம். அவர்களைக் கெடுத்தது காது இல்லை, நாம்தான். காது கேட்கவில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்த நாளிலேயே அந்த வீட்டுக்குச் சைகை தெரிந்த ஒரு பெரியவரை, முடிந்தால் காது கேளாதவரையே, அனுப்பியிருக்க வேண்டும். அங்கன்வாடியில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும். அது நடந்திருந்தால் பிறகு எந்தப் பள்ளி என்பது பஸ் வசதி பற்றிய கேள்வி. நடக்காதவரை எந்தப் பள்ளியும் காத்திருப்போர் கூடம்.

என்னைக் கேட்டால், இப்போதைக்கு நான் சிறப்புப் பள்ளி அணியில்தான் உட்காருவேன். அங்கே குறைந்தபட்சம் விடுதி வராந்தா இருக்கிறது. தன்னைப் போல இன்னொரு பிள்ளையைப் பிள்ளை பார்க்கிறது. ஆனால் அந்த மேடையில் எனக்கு மாலை போட வந்தால் மாலையைக் கழற்றி வீசிவிடுவேன்.

நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் ஒரு குறுக்கீடு வர வேண்டும். பின்வரிசையிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், காது கேளாதோர் சங்கக்காரர், மேடையடிக்கு வந்து இரண்டு கையாலும் வேக வேகமாக ஏதோ சொல்வார். முகம் சிவந்திருக்கும். நான் சொல்கிறேன், அவர் சொல்வது இது: ‘நான் அந்தப் பள்ளியிலும் படித்தேன், இந்தப் பள்ளியிலும் படித்தேன். என்னிடம் ஏன் கேட்கவில்லை?’ தொகுப்பாளினி மைக்கைப் பிடித்துக்கொண்டு புன்னகைப்பார்: “சார் நம்ம நிகழ்ச்சிய வாழ்த்துறாங்க! ஒரு பெரிய கைதட்டல் குடுங்க!” கூட்டம் தட்டும். பாதுகாவலர் இருவர் அவரை மரியாதையாகத் தோளில் கைபோட்டு அழைத்துப் போவார்கள்.

அப்புறம் முன்வரிசைத் தாய் எழுந்து மைக் கேட்பாள். “ஐயா, ரெண்டு பக்கமும் நல்லாப் பேசுனீங்க. எம்புள்ள கூட நான் பேசுறதுக்கு எனக்கு யாருங்கய்யா சொல்லிக்குடுப்பாங்க?” காது கேளாத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள், ஆக இது ஒருத்தியின் கேள்வி இல்லை. நடுவர் விழாச் செயலாளரைப் பார்ப்பார், செயலாளர் அதிகாரியைப் பார்ப்பார். அதிகாரி கைவசம் பதில் வைத்திருப்பார்: டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மையம் 2015லிருந்து இருக்கிறது, 2021இல் 10,000 சொற்களுக்கு அகராதி போட்டிருக்கிறார்கள், “யூடியூப்ல இருக்கும்மா, பாத்துக்கங்க.” அகராதியைப் பார்த்துத் தாலாட்டுப் பாடிய தாய் யாரும் இதுவரை இல்லை. அவளிடம் இருப்பது பட்டன் போன். ஆனாலும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாள், கேமரா ஓடுகிறதே.

நடுவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புக்கு வருவார். சிறப்புப் பள்ளியும் வேண்டும், பொதுப் பள்ளியும் வேண்டும், இரண்டும் இரு கண்கள், எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை, பெற்றோரின் தன்னம்பிக்கைதான் முக்கியம்! கூட்டம் எழுந்து நின்று தட்டும். தாளாளருக்குப் பொன்னாடை, அணித் தலைவிக்குப் பொன்னாடை, மருத்துவருக்குச் சந்தன மாலை, பையனுக்கு ஒரு ஸ்கூல் பேக்.

கடைசியாகச் செயலாளரின் நன்றியுரை. மண்டபம் தந்தவருக்கு நன்றி, மதியச் சாப்பாட்டு உபயதாரருக்கு நன்றி, முக்கியமாக, காலையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கணீர்னு எல்லார் காதிலும் விழும்படி மைக்செட் அமைத்துக் கொடுத்த நம்ம ஊர் சவுண்ட் சர்வீஸ் அண்ணனுக்கு நன்றி.